மேசைமலை அடிவாரத்தில் கேட்ட முரசொலி

பயணக் கட்டுரையை விமானம் ஏறிய கதையிலிருந்து தொடங்குவதே வழக்கம். நானோ இதனை எங்கள் மதரஸாவின் வாசற்படியிலிருந்து தொடங்க வேண்டியவனாக இருக்கிறேன்.

சென்ற ஆண்டு எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் மோட்டார் சைக்கிள் திருட்டில் பிடிபட்டான். என்னிடம் குர்ஆன் ஓதிய பிள்ளை. ஊரின் தப்ஸ் குழுவில் முன்வரிசையில் அமர்ந்து அடிப்பவன். கொஞ்ச காலமாக அவன் காதில் எந்நேரமும் ஹெட்போன் இருந்ததையும், அரிவாளையும் பழிவாங்குதலையும் வீரமாகப் பாடும் பாட்டுகளையே அவன் கேட்டு வந்ததையும் ஊரில் பலர் கண்டிருந்தனர். ஜமாஅத் கூட்டத்தில் என்னைப் பேசப் பணித்தார்கள். நம் வாலிபர்களைக் குற்றத்தில் தள்ளுவது இசையே என்று அரைமணி நேரம் முழங்கினேன். பேச்சின் சூட்டோடு, தப்ஸ் குழுவையும் நிறுத்திவிடுவதென முடிவாயிற்று. நானும் கை உயர்த்தினேன்.

மறுநாள் அஸர் தொழுகைக்குப் பின் அச்சிறுவனின் தாய் மதரஸா வாசலில் வந்து நின்றார்.

"ஹஜ்ரத், பாட்டுக் கேட்டுத்தான் என் பிள்ளை கெட்டுப்போனான்னு பேசினீங்களாமே. அவங்க அத்தா சவூதிக்குப் போய் ஏழு வருஷமாச்சு. இஷாவுக்குப் பிறகு இவன் எங்க போறான், யாரோட நிக்கிறான்னு இந்த ஊர்ல யாராவது ஒருத்தர் கேட்டிருக்கீங்களா? தப்ஸ் அடிக்கப் போறேம்மான்னு சொல்லிட்டுப் போற அன்னைக்கு மட்டும்தான் நான் நிம்மதியாத் தூங்குவேன். இப்ப அதையும் மூடிட்டீங்க."

என்னிடம் பதில் இல்லை. அவர் சற்று நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்.

இது நடந்து மூன்று மாதங்களுக்குப் பின், ரபீஉல் அவ்வல் பிறை பிறக்கும் வேளையில், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகருக்குச் செல்லும் வாய்ப்பை அல்லாஹ் அளித்தான். என் தமக்கையின் மகன் அங்கே கப்பல் பழுதுபார்க்கும் நிறுவனமொன்றில் பொறியாளர். பேரக் குழந்தையைக் காணவேண்டுமென்று அக்கா துடித்தார்கள். அவர்களைத் தனியே அனுப்ப மனமின்றி நானும் உடன் சென்றேன். ஊர் பார்க்கப் போனவன், அந்தத் தாயின் கேள்வியையும் மூட்டையில் கட்டிக்கொண்டு போனேன் என்பதே உண்மை.

கேப் டவுனை ஆள்வது மேசைமலை. ஆயிரம் மீட்டருக்கும் அதிகமான உயரத்தில், உச்சியை வாள்கொண்டு சீவியதுபோல் தட்டையாக நிற்கிறது. அதன்மேல் வெண்மேகம் படிந்து வழிந்தால், மேசைக்கு விரிப்புப் போட்டாயிற்று என்கிறார்கள் ஊரார். பக்கத்தில் சிக்னல் ஹில் என்னும் சிறுகுன்று. அதன் சரிவில் அமைந்திருப்பதே போ-காப் என்னும் முஸ்லிம் குடியிருப்பு. மஞ்சள், பச்சை, நீலம், செம்பருத்தி நிறம் என்று ஒவ்வொரு வீடும் ஒரு வண்ணம். கல் பாவிய செங்குத்தான தெருக்கள். ஞாயிறும் பொது விடுமுறை நாட்களும் தவிர மற்ற நாட்களில் நண்பகல் 12 மணிக்குக் குன்றின்மேல் பீரங்கி வெடிக்கும். முதல் நாள் அக்கா கையிலிருந்த தேநீரைக் கொட்டிவிட்டார்கள். பீரங்கியின் எதிரொலி அடங்கிச் சற்று நேரத்தில் பள்ளிவாசல்களிலிருந்து லுஹர் பாங்கு எழுகிறது.

இங்குள்ள முஸ்லிம்களின் முன்னோர் தாமாக வந்து குடியேறியவர்கள் அல்லர். டச்சுக்காரர்கள் அடிமைகளாகவும் அரசியல் கைதிகளாகவும் கொண்டுவந்து இறக்கியவர்கள். இந்தோனேசியத் தீவுகள், வங்காளம், மடகாஸ்கர், மொசாம்பிக் என்று பல நாட்டார். நம் கரையும் அதில் உண்டு, நேயர்களே! 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினம் டச்சுக்காரர் வசம் இருந்தது. பழவேற்காட்டிலும் அவர்களுக்குக் கோட்டை இருந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து விலைக்கு வாங்கி ஏற்றப்பட்ட மக்கள் கேப்பின் பழைய ஏடுகளில் 'கோரமண்டல்' என்ற ஊர்ப்பெயரோடு பதிவாகியிருக்கிறார்கள். அவர்கள் பெற்றோர் இட்ட பெயர் என்னவென்பதை அந்த ஏடுகள் சொல்லவில்லை.

டோர்ப் தெருவில் நாட்டின் முதல் பள்ளிவாசலாகிய அவ்வல் மஸ்ஜித் இருக்கிறது. 1794ஆம் ஆண்டில் தோன்றியது. அந்த இடத்தை வாங்கியவர் கொரிடான் என்னும் விடுதலை பெற்ற அடிமை, இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்டவர். அவருடைய மகள் சார்ச்சியே பள்ளிவாசலுக்கென அதனை வழங்கினார். முதல் இமாம் துவான் குரு என்று போற்றப்படும் அப்துல்லாஹ் இப்னு காழி அப்துஸ் ஸலாம். திதோர் தீவின் அரச மரபினர். 1780இல் நாடு கடத்தப்பட்டு ராபன் தீவில் சிறையிருந்தவர். குர்ஆனைத் தம் நினைவிலிருந்தே எழுதிய பெரியவர். சிறைமீண்டதும் அவர் செய்த முதல் வேலை, அடிமைப் பிள்ளைகளுக்கு மதரஸா தொடங்கியது. அந்தப் பள்ளியில் இரண்டு ரக்அத் தொழுதபோது, மதரஸா ஆசிரியன் என்ற முறையில் எனக்குச் சற்றுக் கூச்சமாக இருந்தது.

அவர்களும் நம்மைப்போல் ஷாபிஈ மத்ஹபினர். நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதி அர்வி வளர்த்ததுபோல், அவர்கள் ஆப்பிரிக்கான்ஸ் மொழியை அரபு எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். அவ்வாறு அபூபக்ர் எஃபெண்டி எழுதிய மார்க்க நூல் 1877இல் இஸ்தான்புல்லில் அச்சாகியிருக்கிறது. மீலாது நாட்களில் பெண்கள் பள்ளிவாசலில் கூடி ஆரஞ்சு இலைகளை மெல்லிய இழைகளாக நறுக்கி, அத்தர் கலந்து, சிறு பொட்டலங்களாகக் கட்டுகிறார்கள். 'ராம்பி நறுக்குதல்' என்று அதற்குப் பெயர். அக்காவும் ஒரு பலகையையும் கத்தியையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். மொழி தெரியாத குறையே தெரியவில்லை. ஸலவாத்து எல்லாருக்கும் பொதுவாயிற்றே.

அன்றிரவு இஷாவுக்குப் பின் மருமகனோடு வீடு திரும்புகையில் எங்கிருந்தோ முரசொலி கேட்டது. தாளம் எனக்கு அறிமுகமானதுபோல் இருந்தது. என் கால்கள் நின்றுவிட்டன.

"மாமா, அது பாடற்குழுவோட ஒத்திகை. வாங்க, பார்க்கலாம்" என்றார் மருமகன்.

ஒரு சிறு கூடம். சிவப்புத் துருக்கித் தொப்பி அணிந்த கிழவர்களும், பள்ளிச் சீருடையைக்கூடக் கழற்றாத பையன்களும் சேர்ந்து முப்பது பேர் இருப்பார்கள். ஒருவர் தனிக்குரலில் ஒரு பழைய டச்சுப் பாட்டை இழுக்கிறார். மற்றவர்கள் சேர்ந்து தாங்குகிறார்கள். மொழி டச்சு. ஆனால் அந்தக் குரல் வளைந்து, நடுங்கி, ஒரே எழுத்தின்மேல் ஏறி இறங்கும் விதம் நம் காரிகளின் கிராஅத்தையும் பைத்து ஓதும் லெப்பைமார்களின் தொனியையும் நினைவூட்டியது. அந்தக் குழைவுக்குக் 'கரிங்கல்' என்று பெயர் சொன்னார்கள். முரசின் பெயர் கூமா. ஒருபுறம் மட்டும் தோல் கட்டிய சிறு பீப்பாய். ஆதியில் காலியான மதுப் பீப்பாயில் செய்ததாம்! எஜமானன் குடித்துவிட்டு எறிந்ததை எடுத்து அடிமை முரசாக்கினான். ஹராமான பொருளுக்கு இப்படியும் ஒரு மறுமை உண்டோ என்று எண்ணிக்கொண்டேன்.

புத்தாண்டு நாளில் எஜமானர் வீட்டு விருந்துக்கு உழைத்த அடிமைகளுக்கு மறுநாள் ஜனவரி 2 மட்டும் ஓய்வாம். அந்நாளில் அவர்கள் தெருவில் பாடி ஆடியதே இன்று ஆயிரக்கணக்கானோர் பளபளக்கும் சாட்டின் சட்டைகளில் ஊர்வலம் வரும் பெருவிழாவாக வளர்ந்திருக்கிறது. 'கிளாப்ஸ்' என்பார்கள். பாடற்குழுக்கள் அதனின்றும் சற்று வேறானவை, அடக்கமானவை. அவற்றுக்கென 1939 முதல் ஒரு மன்றமும் ஆண்டுதோறும் போட்டியும் உண்டு.

ஒத்திகை முடிந்து தேநீர் வந்தபோது, கூடத்தின் மூலையிலிருந்த முதியவரின் அருகில் அமர்ந்தேன். எண்பதை நெருங்கும் வயது. தையல் தொழிலாளி. என் ஆங்கிலமும் அவருடைய ஆங்கிலமும் ஏறத்தாழ ஒரே தரத்தில் இருந்ததால் பேச்சு எளிதாயிற்று. ஊரில் நடந்ததை ஒளிவின்றிச் சொல்லி, "இசை வாலிபர்களைக் கெடுக்கிறதா?" என்று கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. "நாளை அருங்காட்சியகத்துக்கு வாருங்கள்" என்றார்.

மறுநாள் அவரோடு டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் அருங்காட்சியகம் சென்றேன். பழைய மெதடிஸ்ட் தேவாலயம் ஒன்றில் 1994இல் தொடங்கப்பட்டது. தரை முழுவதும் ஒரு வரைபடம். அழிந்துபோன ஒரு குடியிருப்பின் தெருக்கள் அதில் குறிக்கப்பட்டிருக்கின்றன. அங்கு வாழ்ந்தவர்கள் தத்தம் வீடு இருந்த இடத்தில் பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள். முதியவர் தம் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரிடத்தில் போய் நின்றார். "இது எங்கள் அடுப்படி" என்றார்.

1966 பிப்ரவரி 11ஆம் நாள் நிறவெறி அரசு டிஸ்ட்ரிக்ட் சிக்ஸை வெள்ளையருக்கு மட்டுமான பகுதியென அறிவித்தது. முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள், யூதர்கள், இந்தியர்கள் என்று கலந்து வாழ்ந்த இடம். அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் 60,000க்கும் அதிகமான மக்கள் வெளியேற்றப்பட்டு வீடுகள் புல்டோசரால் தரைமட்டமாக்கப்பட்டன. பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் மட்டும் வெட்டவெளியில் நின்றன.

"எங்கள் தெருவில் ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு பாட்டி இருப்பாள். பிள்ளை ஒருவன் புகைபிடித்தால் அவன் வீடு போய்ச் சேருமுன் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். எங்களைப் பெயர்த்தபோது என் குடும்பம் மேனன்பர்க், அண்ணன் ஹனோவர் பார்க், தங்கை போன்டஹூவல், பாட்டி எங்கோ. லாரியில் கட்டிலை ஏற்றலாம். ஜன்னலை ஏற்ற முடியுமா? விடியுமுன் நான் வேலைக்கு ரயிலேறினால் இரவுதான் திரும்புவேன். அவளும் ஆலைக்குப் போனாள். பையன் மாடிப்படிக்கு அடியில் நின்றான். அங்கே அவனுக்காக ஏற்கெனவே சிலர் நின்றுகொண்டிருந்தார்கள்."

அவருடைய மகன் நன்றாகப் பாடக்கூடியவனாம். பத்தொன்பதாம் வயதில் கும்பல் சண்டையில் இறந்துபோனான்.

"பாட்டு அவனைக் கெடுக்கவில்லை. காப்பாற்றவும் இல்லை. ஒத்திகை வாரத்தில் இரண்டு இரவு. தெரு ஏழு இரவு."

டான் பின்னாக் என்னும் ஆய்வாளர் 1984இல் கேப் டவுன் கும்பல்களைப் பற்றி எழுதிய நூலின் சாரமும் ஏறக்குறைய இதுவே. கூட்டுக் குடும்பமும் அண்டை அயலும் சிதைக்கப்பட்ட இடத்தில், அவற்றின் வேலையைக் கும்பல் எடுத்துக்கொண்டது என்கிறார் அவர். பழைய டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் சொர்க்கமாக இருந்ததென்று நினைத்துவிட வேண்டாம். அங்கும் குளோப் என்றொரு கும்பல் இருந்தது. திருடர்களிடமிருந்து கடைகளைக் காக்கவென்று வியாபாரிகள் வீட்டார் தொடங்கியது. பிறகு அதுவே கடைகளில் மாமூல் வசூலித்தது.

ஒரு பகல்பொழுதில் மருமகன் என்னை மேனன்பர்க் வழியாகக் காரில் அழைத்துச் சென்றார், இறங்க விடவில்லை. மணற்பாங்கான சமவெளி. வரிசை வரிசையாக அடுக்குமாடிகள், கொடிகளில் காயும் துணிகள், சுவர்களில் கும்பல்களின் பெயர்கள். பன்னிரண்டு பதின்மூன்று வயதிலேயே பிள்ளைகளிடம் பொட்டலத்தையும் துப்பாக்கியையும் கொடுத்து ஒளித்து வைக்கச் சொல்கிறார்கள். சிறுவனுக்குத் தண்டனை குறைவல்லவா? கொலைகள் பெருகி 2019 ஜூலையில் இப்பகுதிகளுக்கு இராணுவத்தையே அனுப்பினார்கள்.

இதே மேனன்பர்க்கின் பெயரில் உலகறிந்த ஓர் இசைப்படைப்பு உண்டு. 1968இல் இஸ்லாத்தைத் தழுவிய பியானோ கலைஞர் அப்துல்லாஹ் இப்ராஹீம் 1974இல் கேப் டவுனில் பதிவு செய்தது. நிறவெறிக்கு எதிராக நின்ற ஒரு தலைமுறை அதனைத் தன் கீதமாகவே கொண்டது. பிற்காலத்தில் மிட்சல்ஸ் பிளெய்ன் பகுதியிலிருந்து 'பிராஃபட்ஸ் ஆஃப் தா சிட்டி' என்னும் ராப் குழு கிளம்பியது. அமெரிக்கக் கும்பல்களின் மோஸ்தரில் பிள்ளைகள் மயங்கியிருந்த காலத்தில், அதே இசை வடிவத்தைக் கொண்டு நிறவெறியையும் போதையையும் எதிர்த்துப் பாடியவர்கள். ஒரே மண், ஒரே வறுமை. பாட்டு மட்டும் எத்தனை திசைகளில் போயிருக்கிறது!

நான் சங்கடப்பட்டதையும் மறைக்கலாகாது. ஊர்வலக் குழுக்கள் சிலவற்றுக்குக் கும்பல் தலைவர்களே பணம் கொடுக்கிறார்கள் என்ற பேச்சு அங்கே பரவலாக உண்டு. முதியவரிடம் கேட்டேன். "ஒரு வருடம் நூறு சட்டை தைத்துக் கொடுத்தேன். நோட்டுக் கட்டாகக் கூலி வந்தது. யார் பணமென்று எனக்குத் தெரியும். வாங்கிக்கொண்டேன்" என்றார். ஏழைப் பையனுக்குச் சாட்டின் சட்டை போட்டுவிடும் கை, நாளை அவனிடம் வேறொன்றைக் கேட்கும். அந்த நேரத்தில் பாட்டு ஒரு தூண்டில்தான். அதற்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன்.

நம் சமுதாயம் என்ன செய்தது என்று கேட்பீர்கள். பாகாட் என்ற இயக்கத்தில் திரண்டார்கள், பெரும்பாலும் முஸ்லிம்கள். 1996 ஆகஸ்ட் 4 இரவில் கூட்டம் சால்ட் ரிவரிலிருந்த கும்பல் தலைவன் ரஷாத் ஸ்டாகியின் வீட்டு முன் திரண்டு, அவனைச் சுட்டு, உயிரோடு எரித்தது. 1998 முதல் 2000 வரை நகரில் வெடித்த குண்டுகளுக்கு அரசு இவ்வியக்கத்தாரையே குற்றம் சாட்டியது, இயக்கம் மறுத்தது. கும்பல்களோ ஒழியவில்லை. கோபத்தோடு தெருவில் இறங்கியவர்களின் வலி நியாயமானது. ஆனால் ஒரு மனிதனை எரித்துவிட்டு வீடு திரும்பும் தந்தையிடம் அவன் மகன் எதைக் கற்றிருப்பான்?

ஊரில் அரைமணி நேரம் பேசிய நான், இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் இதைப்பற்றி எழுதியிருப்பதை அந்த அரைமணியில் ஒருமுறையும் சொல்லவில்லை. இசை உள்ளத்தில் இல்லாததைக் கொண்டுவந்து வைப்பதில்லை, உள்ளதைக் கிளறிவிடுகிறது என்ற கருத்தை அவர்கள் விரிவாக ஆராய்கிறார்கள். இசைக் கருவிகளில் எது ஆகும், எது ஆகாது என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு; ஷாபிஈ மத்ஹபில் தஃபுக்கு இடமுண்டு. பெருநாளன்று ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் பாடிய சிறுமிகளை அபூபக்ர் (ரலி) கடிந்தபோது நபி (ஸல்) அவர்கள் விட்டுவிடச் சொன்ன ஹதீஸை நானே எத்தனை முறை பாடம் நடத்தியிருக்கிறேன்! அரிவாளைப் புகழும் பாட்டு நஞ்சு என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அந்த நஞ்சு இறங்குவதற்கு அப்பிள்ளையின் நெஞ்சில் யார் பள்ளம் தோண்டி வைத்தார்கள் என்பதைக் கேட்காமலே, கையிலிருந்த தப்ஸைப் பிடுங்கினோம்.

ஊர் திரும்பியதும் ஜமாஅத் கூட்டத்தில் எழுந்து, முன்பு பேசியதில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னேன். இருவர் கோபித்து வெளியேறினர். தப்ஸ் குழு பற்றிய முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளப்பட்டது. அதுவரை அறையைத் திறந்து வைத்துக்கொள்ளச் செயலாளர் சாவியைக் கொடுத்தார். உள்ளே பதினொரு தப்ஸ் இருந்தன. நான்கின் தோலை எலி கடித்திருந்தது. மற்றவற்றை மாடியில் வெயிலில் காயவைத்தேன்.

அச்சிறுவனின் தாயிடம் போய்ச் சொன்னேன். "பேசினது சரி ஹஜ்ரத். ராத்திரி அங்க யார் இருப்பாங்க?" என்றார்.

இப்போது இஷாவுக்குப் பின் பத்து மணிவரை நான் அங்கே அமர்ந்திருக்கிறேன். முதல் வாரம் மூன்று பிள்ளைகள் வந்தார்கள். இரண்டாம் வாரம் ஆறு. நீதிமன்றம் தாயோடு அனுப்பிவைத்திருக்கும் அந்தச் சிறுவன் ஒருநாள் வாசல்வரை வந்தான். ஹெட்போனைக் கழுத்தில் இறக்கிவிட்டுக்கொண்டு, எலி கடித்த தப்ஸ்களைப் பார்த்தான்.

"இதுக்கு ஆட்டுத் தோல் கட்டணும் ஹஜ்ரத். கட்டுறவர் நாகூர்ல இருக்கார், எனக்குத் தெரியும்" என்றான். உள்ளே வரவில்லை. வியாழக்கிழமை என்னோடு நாகூர் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.